இலவச அலுவலக மென்பொருள்: சங்கங்கள் அறிந்திருக்க வேண்டிய குறைபாடுகள்

எமது கமக்காரர் அமைப்புகள், மாதர் சங்கங்கள், மீள்குடியேற்றக் குழுக்கள் ஆகியவற்றுள் பலவற்றிடம் இன்று ஒரு கணனி உண்டு. பெரும்பாலும் அது வேறு எங்கோ பாவித்து முடித்த பின் தரப்பட்ட பழைய கணனி. சங்கத்தின் கடிதங்கள், அங்கத்தவர் பட்டியல், சுழற்சிக் கடன் கணக்கு, எவருக்கு எந்தக் குறிச்சியில் எத்தனை பரப்புக் காணி என்ற விபரம் யாவும் முன்னர் கொப்பிகளில் இருந்தன. இப்போது அவை அந்தக் கணனிக்குள் இருக்கின்றன. இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திற்குத் தன் காணி பற்றிய எழுத்து எவ்வளவு பெறுமதியானது என்பதை நாம் வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கணனியில் கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் ஒரு மென்பொருள் வேண்டும். அநேக இடங்களில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வேர்ட், எக்செல் என்பவற்றின் களவுப் பிரதியே போடப்பட்டிருக்கும். அப்படிச் செய்ய விரும்பாதவர்கள் “இதோ இலவசமாக ஒன்று இருக்கிறது, இதைப் போடுங்கள்” என்று லிப்ரே ஒபிஸ் அல்லது ஓபின் ஒபிஸ் என்ற திறந்த மூல மென்பொருளைப் பரிந்துரைப்பார்கள். நாமும் பல சங்கங்களுக்கு அதையே பரிந்துரைத்து வருகிறோம். ஆயினும் அதன் நன்மைகளை மட்டும் கூறிக் குறைகளை மறைப்பது நேர்மையன்று. அக்குறைகள் எவை, அவற்றால் எமது மக்களுக்கு எங்கே இடர் வரும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

களவுப் பிரதி பற்றி முதலில் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் அது நியாயமாகிவிடாது. தம் காணியைப் பிறர் அனுமதியின்றி அனுபவிப்பதை எதிர்த்து மனுக் கொடுக்கும் ஒரு சங்கம், அம்மனுவைப் பிறருடைய பொருளை அனுமதியின்றிப் பாவித்துத் தட்டச்சுச் செய்வது பொருத்தமாயிராது என்பதே எமது நிலைப்பாடு. இதற்கு மேல் இங்கு விரிக்கத் தேவையில்லை.

இலவசம் என்பதன் பொருள்

நிவாரண காலத்தில் எத்தனையோ கிராமங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்கள் இலவசமாக வந்தன. இயந்திரத்திற்கு எவரும் பணம் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த போகத்தில் ஒரு வாசர் தேய்ந்தபோது, அந்த இனத்து இயந்திரத்திற்கு உதிரிப்பாகம் பட்டினத்துக் கடையில் இல்லை. திருத்தத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லை. பக்கத்து வளவில் கடன்பட்டு வாங்கிய பம்பி தொடர்ந்து ஓடியது. இலவசமாக வந்த பொருள் கொட்டிலில் கிடந்து துருப்பிடித்தது. பொருள் கெட்டதாக இருந்ததாலன்று, அதைச் சூழ இருக்க வேண்டியவை இல்லாததாலேயே அது பயனற்றுப் போனது. இலவச மென்பொருளின் குறைகளில் அரைவாசி இந்த வகையைச் சேர்ந்தது.

திறந்த மூல மென்பொருள் என்பது விலையில்லாத பொருள் மட்டுமன்று. அதை எவரும் பாவிக்கலாம், பிரதி செய்து அயலவருக்குக் கொடுக்கலாம், அது எவ்வாறு எழுதப்பட்டது என்பதைத் திறந்து பார்க்கலாம், மாற்றியமைக்கலாம். இவ்வுரிமைகள் அதன் அனுமதிப்பத்திரத்திலேயே எழுதப்பட்டுள்ளன. விதைநெல்லைச் சேமித்து வைத்து மறுபோகம் விதைக்கவும் அயலவருக்குக் கொடுக்கவும் கமக்காரனுக்குள்ள உரிமையைப் போன்றது அது. இத்தகைய வேலை எமது நாட்டிற்கும் புதிதன்று. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின், இடம்பெயர்ந்தோரையும் காணாமற்போனோரையும் பதிவு செய்ய இலங்கையின் தொண்டர்கள் எழுதிய சகானா என்ற மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்ததே. அது பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

ஆனால் இவ்வுரிமைகளோடு ஒரு மறுபக்கமும் அதே அனுமதிப்பத்திரத்தில் உண்டு. எவ்வித உத்தரவாதமும் தரப்படவில்லை என்று அது தெளிவாகக் கூறுகிறது. பழுது வந்தால் பொறுப்புக் கேட்க ஒரு கடை, ஒரு முகவர், ஒரு கந்தோர் இல்லை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் உத்தரவாதமும் பெரிதாக ஒன்றுமில்லை என்பது வேறு கதை. இருந்தாலும் அங்கே குறைந்தபட்சம் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார்.

இரண்டு பெயர்கள், ஒரு குழப்பம்

இம்மென்பொருளின் வரலாற்றைச் சிறிது அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் வரலாறு தெரியாதவர்கள் தவறானதைப் போட்டுக்கொள்கிறார்கள். ஜேர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் எழுதிய ஸ்டார் ஒபிஸ் என்ற மென்பொருளை 1999இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் அதன் மூலத்தைத் திறந்துவிட்டது. அதுவே ஓபின் ஒபிஸ். 2010இல் சன் நிறுவனத்தை ஒரக்கிள் நிறுவனம் வாங்கியதும், எழுதி வந்தவர்களிற் பலர் ஐயுற்றுப் பிரிந்து, அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் லிப்ரே ஒபிஸ் என்ற பெயரில் தனி வழி சென்றனர். 2011இல் ஒரக்கிள் நிறுவனம் பழைய ஓபின் ஒபிஸை அப்பாச்சி என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது.

இன்று இரண்டும் இருக்கின்றன. எழுதுவோரின் தொகை ஒன்றில் மிகுதி, மற்றதில் மிகக் குறைவு. லிப்ரே ஒபிஸ் ஆண்டிற்கு இரு தடவை புதுப் பதிப்பாக வெளிவருகிறது. அப்பாச்சி ஓபின் ஒபிஸோ 2014இல் வந்த 4.1 என்ற பதிப்பிலேயே நின்று, சிறு திருத்தங்களை மட்டும் பெற்று வருகிறது. 2015இல் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க அதற்குப் பல மாதங்கள் சென்றன. அதைவிட முக்கியமான விடயம், இன்றைய வேர்ட், எக்செல் கோப்புகளை ஓபின் ஒபிஸ் திறந்து காட்டும்; ஆனால் திரும்ப அதே வகையில் சேமிக்க அதனால் இயலாது. கந்தோரிலிருந்து வந்த படிவத்தை நிரப்பி அதே வகையில் திருப்பி அனுப்ப வேண்டிய எமது சங்கங்களுக்கு இது பெரிய இடர். பழகிய பெயர் என்பதால் இன்றும் பலர் ஓபின் ஒபிஸையே தேடிப் போடுகிறார்கள். உங்கள் கணனியில் இருப்பது எது என்று பாருங்கள். அது ஓபின் ஒபிஸ் ஆனால் மாற்றிவிடுங்கள். இனி நாம் கூறுவன லிப்ரே ஒபிஸைப் பற்றியவை.

எமது கடிதம் கந்தோரில் எப்படித் தெரிகிறது?

ஒரு சங்கம் தனக்குள் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் எந்த மென்பொருளும் போதும். வில்லங்கம் தொடங்குவது பிறருடன் கோப்புகளைப் பரிமாறும்போதே. பிரதேச செயலகம், கமநல நிலையம், வங்கி, உதவி நிறுவனம் என எமது மக்கள் தொடர்புகொள்ளும் இடங்களில் அநேகமாக மைக்ரோசொப்ட் மென்பொருளே பாவிக்கப்படுகிறது.

லிப்ரே ஒபிஸ் தானாகச் சேமிப்பது ஓ.டி.எவ். எனப்படும் திறந்த கோப்பு வகையில். 2006இல் சர்வதேச தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்ட தரம் அது. எவருக்கும் சொந்தமில்லாத தரம் என்பதால் முப்பது வருடங்களின் பின்னும் திறக்கக்கூடியதாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு. காணி விபரம் போன்றவற்றிற்கு இது நல்லதே. ஆனால் அக்கோப்பை அப்படியே கந்தோருக்கு அனுப்பினால், அங்குள்ள உத்தியோகத்தர் அப்படியொரு கோப்பை முன்பின் கண்டிராவிட்டால், “திறபடவில்லை” என்று ஒதுக்கிவிடக்கூடும். உண்மையில் இன்றைய வேர்ட் அதைத் திறக்கும். ஆயினும் அதை அவருக்கு விளக்கப் போவது யார்? வட்ஸ்அப் மூலம் கைத்தொலைபேசிக்கு அனுப்பினாலும் இதே நிலைதான். அநேக தொலைபேசிகளில் அதற்கான செயலி இல்லை.

சரி, வேர்ட் வகையிலேயே சேமித்து அனுப்பினால்? எழுத்துக்கள் போய்ச் சேரும். அமைப்பு சில வேளைகளில் போய்ச் சேராது. சாதாரண கடிதத்தில் வேற்றுமை தெரியாது. கட்டங்கள், உள்கட்டங்கள், படங்கள், மேலே இலச்சினை, கீழே கையொப்பமிடும் பெட்டி என்று அமைந்த படிவங்களிலேதான் குழப்பம். ஒரே பக்கத்தில் இருந்த படிவம் இரண்டாம் பக்கத்திற்கு வழிகிறது. கிராம அலுவலர் கையொப்பமிட வேண்டிய பெட்டி தனியே அடுத்த தாளில் போய் நிற்கிறது. “படிவத்தை மாற்றிவிட்டீர்கள், இது செல்லாது” என்று ஒரு வயோதிபரைத் திருப்பி அனுப்ப அது போதும். அவர் பஸ் ஏறி மீண்டும் வர ஒரு நாட்கூலி போய்விடும்.

இதன் காரணம் விளங்கினால் பாதி வழி கடந்தவர்களாவோம். ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் வேறு. மைக்ரோசொப்ட் 2007ஆம் ஆண்டுப் பதிப்புடன் கொண்டுவந்த கலிப்ரி, கம்பிரியா என்ற எழுத்துருக்கள் அந்நிறுவனத்தின் உடைமை. அவற்றை லிப்ரே ஒபிஸ் தன்னோடு கொண்டுவர முடியாது. அவற்றுக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிற்றோ, கலடியா என்ற எழுத்துருக்களைக் கொண்டுவருகிறது. ஆகவே ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். தமிழ் எழுத்துருக்களுக்கு அப்படி அளந்து செய்த மாற்று இல்லை. வின்டோசில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் அமைத்த படிவம் லினக்ஸ் கணனியில் வேறொரு தமிழ் எழுத்துருவில் திறக்கும்போது வரிகள் நீளும், சுருங்கும், பக்கம் உடையும். ஆங்கிலப் படிவம் ஒழுங்காக வந்ததைப் பார்த்து இந்த மென்பொருள் நல்லது என்று சான்று கூறுகிறவர்கள் தமிழ்ப் படிவத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

எக்செல் கோப்புகளில் வேறொரு குறை. சில திட்டங்களுக்கான கணக்குப் படிவங்களில் அழுத்தினால் தானே கூட்டிக் காட்டும் பொத்தான்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் உள்ளே மைக்ரோசொப்டின் சொந்த மொழியில் எழுதிய கட்டளைகள் உள்ளன. லிப்ரே ஒபிஸ் அவற்றிற் சிலவற்றை மட்டுமே விளங்கிக்கொள்ளும். பொத்தான் வேலை செய்யாவிட்டால் உடனே தெரிந்துவிடும். கூட்டுத்தொகை மட்டும் பழையதாகவே நின்றுவிட்டால் எவருக்கும் தெரியாது, அதுவே அபாயம்.

இரு நகரங்களின் அனுபவம்

இவை எம்மைப் போன்ற வசதி குறைந்தோருக்கு மட்டும் வருகின்ற பிரச்சினைகளல்ல. ஜேர்மனியின் மூன்றாவது பெரிய நகரமான மியூனிக்கின் மாநகர சபை 2003இல் மைக்ரோசொப்டைக் கைவிட்டுத் திறந்த மூல மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்தது. அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து விலைக்குறைப்புப் பேசியும் நகரம் அசையவில்லை. கணனிகளை மாற்றும் வேலை 2006இல் தொடங்கி, 2013இல் ஏறத்தாழ 15,000 கணனிகள் மாற்றப்பட்ட நிலையில் முடிந்தது. அத்தனை வருடம் சென்றதற்கு ஒரு முக்கிய காரணம் கடிதங்களும் படிவங்களுமே. ஒவ்வொரு திணைக்களமும் வருடக்கணக்காகத் தன்பாட்டில் செய்து வைத்த படிவ மாதிரிகளையும் உட்கட்டளைகளையும் திரட்டி, மீண்டும் எழுதி, அவற்றைக் கையாள்வதற்கென்றே வொல்மக்ஸ் என்ற புது மென்பொருளை நகரம் தானே ஆக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு செய்த பின்பும் 2017இல் அந்நகர சபை மீண்டும் வின்டோசுக்குத் திரும்பத் தீர்மானித்தது. வெளியார் அனுப்பும் ஆவணங்கள் ஒழுங்காகத் திறபடவில்லை என்ற ஊழியரின் முறைப்பாடும் காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. இதற்கு மறுப்பும் உண்டு: குறை மென்பொருளில் இல்லை, நகரத்தின் கணனிப் பிரிவுகள் சிதறிக் கிடந்த நிர்வாக ஒழுங்கிலேயே இருந்தது என்று பலர் வாதிட்டனர். மைக்ரோசொப்ட் தன் ஜேர்மன் தலைமையகத்தை 2016இல் அந்நகருக்குள் கொண்டுவந்ததையும் சிலர் சுட்டிக்காட்டினர். 2020இல் ஆட்சிக்கு வந்த கூட்டணியோ இயன்ற இடங்களில் திறந்த மூலத்தையே விரும்புவதாக அறிவித்தது.

அதே நாட்டின் பிரைபேர்க் நகரம் 2007இல் ஓபின் ஒபிஸுக்கு மாறத் தொடங்கியது. ஆனால் பழைய மைக்ரோசொப்ட் 2000 பதிப்பையும் கூடவே வைத்துக்கொண்டது. ஊழியர் இரண்டையும் மாறி மாறிப் பாவித்தனர். ஒன்றில் எழுதியது மற்றதில் கலைந்தது. 2012இல் நகரம் மைக்ரோசொப்டுக்கே திரும்பியது. எமது சங்கங்களுக்கு மியூனிக்கைவிட இந்தப் பிரைபேர்க் கதையே நெருக்கமானது. செயலாளர் சங்கக் கணனியில் லிப்ரே ஒபிஸில் எழுதுகிறார். பொருளாளர் மகனுடைய கணனியில் வேர்டில் திருத்துகிறார். தலைவர் கடைத்தெருவில் அச்செடுக்கக் கொடுக்கும்போது அங்கே மூன்றாவது பதிப்பில் திறக்கிறார்கள். அறுந்தது எங்கே என்று பின்னர் தேட முடியாது.

வெற்றி பெற்றோரும் உளர். பிரான்சின் ஜொந்தார்மெரி எனப்படும் பொலிஸ் படை 2005இல் ஓபின் ஒபிஸுக்கு மாறித் தொடர்ந்து அவ்வழியே சென்றது. ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் 30,000 வரையான கணனிகளில் லிப்ரே ஒபிஸைப் போட 2024இல் முடிவெடுத்தது. மேலிருந்து ஒரே கட்டளையில் எல்லோரும் மாறும் இடத்தில் இது இலகு. பலரோடும் ஒட்டி வாழ வேண்டிய சிறிய அமைப்புக்குத்தான் கடினம்.

பாமினி எழுத்தும் முரியாம்பிள்ளையும்

இங்கு எமக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எமது நாட்டில் தமிழ்த் தட்டச்சு என்றால் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவே. பாமினியில் எழுதும்போது கணனி உண்மையில் தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்களைச் சேமித்து, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினி இல்லாத கணனியில் திறந்தால் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே தெரியும். லிப்ரே ஒபிஸ் பாமினியைக் கொண்டுவருவதில்லை. வேர்டும் கொண்டுவருவதில்லை, ஆனால் கடைக்காரர் களவுப் பிரதி போடும்போது பாமினியையும் சேர்த்தே போட்டுவிடுவார். புதிதாக, நேர்மையாக லிப்ரே ஒபிஸ் போட்டவருக்கோ பழைய கோப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன போலத் தோன்றும். அவை அழியவில்லை. எழுத்துருவைப் போட்டால் திரும்ப வரும். இதை அறியாமல் கோப்பை நீக்கிவிடுவது பெரும் இழப்பு.

இன்னொன்று உண்டு. வசனத்தின் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றும் தன்னியக்கத் திருத்தம் லிப்ரே ஒபிஸில் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கிறது. வேர்டிலும் அப்படித்தான், ஆனால் பழைய கணனிகளில் யாரோ ஒருவர் என்றோ அதை நிறுத்தி வைத்திருப்பார். பாமினியில் சிறிய ‘கே’ எழுத்து ‘ம’. பெரிய ‘கே’ எழுத்து ‘மு’. ஆகவே வரியின் தொடக்கத்தில் மரியாம்பிள்ளை என்று தட்டினால் முரியாம்பிள்ளை என்று வந்து நிற்கும். பத்திநாதர் புத்திநாதராவார். சிரிக்கத் தோன்றும். ஆனால் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டால் காணிக் கச்சேரியில் என்ன நடக்கும் என்பதை அனுபவித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ‘டூல்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள ‘ஓட்டோ கரெக்ட்’ தெரிவுகளில் இதை நிறுத்திவிடலாம். கணனியில் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவே.

நிரந்தரமான வழி யூனிகோட் முறைக்கு மாறுவது. அதில் தமிழ் தமிழாகவே சேமிக்கப்படும்; எந்தக் கணனியிலும் தொலைபேசியிலும் தெரியும்; பெயர்களை அகர வரிசைப்படுத்தலாம், தேடலாம். பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பின் பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மூலக் கொப்பியுடன் இருவர் ஒப்பிட வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும்.

திகதிகள்

அட்டவணை போடும் பகுதியான கல்க்கில் திகதி எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. மென்பொருள் அமெரிக்க ஆங்கிலத்திற்கு அமைக்கப்பட்டிருந்தால் 03/07/1990 என்று எழுதுவதை அது மார்ச் மாதம் 7ஆம் திகதி என எடுத்துக்கொள்ளும். நாம் கருதியது ஜூலை 3. 25/06/1990 என்று எழுதினால் 25ஆம் மாதம் இல்லாததால் அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். இப்படி ஒரே நிரலில் பாதித் திகதி பிழையாகவும் பாதி எழுத்தாகவும் இருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எக்செலிலும் இதே இடர் உண்டு. என்று இடம்பெயர்ந்தோம், என்று உறுதி முடித்தோம் என்பவற்றில் உரிமை தங்கியிருக்கும் மக்களுக்கு இது சிறு விடயமன்று. மொழி அமைப்பில் ஆங்கிலம் (பிரித்தானியா) என்பதைத் தெரிந்து வைக்கலாம். அதிலும் பாதுகாப்பானது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவதே.

உதவிக்கு ஆள் இல்லாமை

எமது பகுதிக் கணனி வகுப்புகளில் பெரும்பாலும் வேர்டும் எக்செலுமே கற்பிக்கப்படுகின்றன. அங்கு படித்து வந்த பிள்ளை லிப்ரே ஒபிஸைத் திறந்ததும் பொத்தான்கள் வேறு இடங்களில் இருப்பதைக் கண்டு தயங்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் அந்த வாரம் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரமாக இருக்கக் கூடாது. இணையத்தில் உதவி நிறைய உண்டு, அநேகமாக ஆங்கிலத்தில். கணனியிலேயே வைத்துப் பார்க்கும் உதவி நூல் தனியாக இறக்க வேண்டியது; அதை அநேகர் இறக்குவதில்லை. வேலை தேடும் இளைஞருக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. நேர்முகப் பரீட்சையில் கேட்பது எக்செல் தெரியுமா என்றே. ஆகவே சங்கத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டையும் பழகுவதற்கு வழி செய்து கொடுப்பது சங்கத்தின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

பழைய கணனி பற்றியும் கூற வேண்டும். லிப்ரே ஒபிஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஒன்பது மாதங்களே திருத்தங்கள் வரும். பின் புதியதற்கு மாற வேண்டும். ஒவ்வொரு தடவையும் 300 மெகாபைற்றுக்கு மேல் இறக்க வேண்டும். டேட்டாக் காசு பார்த்துச் செலவிடும் குடும்பங்களுக்கு அதுவும் ஒரு விலைதான். 2025 ஓகஸ்டில் வந்த 25.8 பதிப்பிலிருந்து வின்டோஸ் 7, 8 உள்ள கணனிகளில் அது இயங்காது. தானமாக வந்த கணனிகள் பல இன்னும் அந்த நிலையிலேயே உள்ளன. ஒரு பங்கில் அல்லது ஒரு கமநலப் பிரிவில் ஒருவர் இறக்கி, பென் டிரைவில் எல்லாச் சங்கங்களுக்கும் கொடுக்கலாம். இது களவன்று, அனுமதிக்கப்பட்டது. ஆனால் மூலம் அதன் சொந்தத் தளமாகவே இருக்க வேண்டும். பணம் கேட்கும் தளங்களும் வைரசைச் சேர்த்துத் தரும் தளங்களும் அதே பெயரில் திரிகின்றன.

நாம் கூறும் ஆலோசனை

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முன்கூட்டியே உட்கார்ந்து செலவைப் பார்ப்பது பற்றி லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய உவமை இவ்விடத்தில் பொருந்தும். விலை பூச்சியம் என்றதும் செலவும் பூச்சியம் என்று எண்ணிவிடுகிறோம். பழகும் நேரம், பழைய கோப்புகளைச் சரிபார்க்கும் நேரம், டேட்டா, ஒருவரைப் பயிற்றும் செலவு என்பவற்றைக் கூட்டிப் பாருங்கள். அதன் பின்பும் பெரும்பாலான சங்கங்களுக்கு லிப்ரே ஒபிஸே ஏற்றது என்பது எமது முடிவு. ஆனால் வாரந்தோறும் அரச கணக்குப் படிவங்களை எக்செலில் நிரப்பி அனுப்ப வேண்டிய பெரிய கூட்டுறவுச் சங்கம் ஒன்று, ஒரு கணனிக்காவது உரிய அனுமதியுடன் மைக்ரோசொப்டை வாங்குவதில் தவறில்லை. அதைக் கொள்கைத் துரோகம் என்று எவரும் கருத வேண்டாம்.

மாறுவதென்றால் எல்லோரும் ஒன்றாக மாறுங்கள். பிறர் திருத்தத் தேவையில்லாத கடிதங்களை எப்போதும் பி.டி.எவ். ஆக மாற்றியே அனுப்புங்கள். லிப்ரே ஒபிஸ் அதைத் தானே செய்யும், அமைப்புக் கலையாது. பிறர் திருத்த வேண்டியவற்றை வேர்ட் வகையில் சேமித்து, அனுப்பு முன் அயலில் வேர்ட் உள்ள ஒரு கணனியில் ஒரு தடவை திறந்து பாருங்கள். அரச படிவங்களைப் பெரும்பாலும் கணனியில் நிரப்பவே வேண்டாம்; அச்செடுத்துப் பேனாவால் நிரப்பலாம்.

காணி, குடும்ப விபரப் பட்டியல்களை ஒவ்வொரு மாற்றத்தின் பின்பும் தாளில் அச்செடுத்து, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, திகதியுடன் கோவையில் வையுங்கள். ஒரு பிரதி சங்கத்திலும் இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். 1990இலும் 2009இலும் பெட்டியை விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு ஏன் இரண்டு இடம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது சங்கக் கணனியில் உள்ள மென்பொருள் எது? அதன் பதிப்பு எண் என்ன? அதைப் போட்டவர் யார்?

2. சென்ற வருடம் கந்தோர்களுக்கு அனுப்பிய கோப்புகளில் எவையேனும் திரும்பி வந்தனவா? காரணம் படிவமா, எழுத்தா, பெயரா?

3. அங்கத்தவர் பட்டியலில் ம, ப, ச, த, க ஆகிய எழுத்துக்களில் தொடங்கும் பெயர்களை அடையாள அட்டைகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையானவை எத்தனை?

4. செயலாளர் திடீரென ஊரில் இல்லாது போனால், அக்கோப்புகளைத் திறந்து அச்செடுக்கத் தெரிந்த இன்னொருவர் எமது சங்கத்தில் உண்டா?